மதுரையை ஒரே நாளில் நடந்து பார்க்க: அதிகாலை முதல் பள்ளியறை பூஜை வரை

மதுரைக்கு ஒரு நாள் பயணமாக வருகிறவர்களில் பலர் பகல் பதினொன்றரைக்கு மீனாட்சியம்மன் கோயில் வரிசையில் நிற்கிறார்கள். பன்னிரண்டரைக்கு நடை சாத்தப்படும். மண்டபங்களை அரைகுறையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் நான்கு மணி வரை எங்கும் உட்கார இடமில்லை. சுடும் கல்லில் வெறுங்காலோடு, எந்த வாசலில் செருப்பைப் போட்டோம் என்று தேட வேண்டியிருக்கும். இந்த ஊரை நடந்து பார்ப்பதில் பாதி வேலை நேரத்தைச் சரியாக அடுக்குவதுதான். கோயில் காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30க்குச் சாத்துகிறார்கள். மறுபடி மாலை 4 மணிக்குத் திறந்து, பள்ளியறை பூஜை (இரவில் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும் வழிபாடு) முடிந்ததும் இரவு 9.30-10 மணிக்குள் நடை அடைப்பார்கள். விழா நாட்களில் இது மாறும். இந்த நேரத்தை அச்சாக வைத்துத்தான் கீழே உள்ள வழி போடப்பட்டிருக்கிறது. மொத்த நடை சுமார் 10 கி.மீ. வரும். நடுவில் மூன்று மணி நேரம் ஓய்வு உண்டு.

எந்த மாதம், எந்தக் கிழமை

வெயிலை மட்டும் பார்த்தால் டிசம்பர், ஜனவரிதான் நல்ல மாதங்கள். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து தை பிறக்கும் வரை சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் மீனாட்சியைப் பார்க்காமல் போவதில்லை. தரிசன வரிசை பல மணி நேரம் நீளும், தங்கும் விடுதிகளிலும் இடம் கிடைக்காது. எனவே பொங்கல் கழிந்து ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை வருவதையே பரிந்துரைப்போம். ஏப்ரல், மே மாதங்களில் பகலில் நடப்பதை நினைத்துப் பார்க்க வேண்டாம். சித்திரைத் திருவிழாவைப் பார்க்க வருகிறவர்கள் அதற்காக மட்டும் வரலாம். அந்த நாட்களில் ஊரைச் சுற்றிப் பார்க்கும் திட்டம் எதுவும் நடக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வாங்கும் கூட்டத்தில் ஒரு தெருவைக் கடக்கவே கால் மணி நேரம் ஆகும். வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. வெள்ளிக்கிழமை மாலையும் பிரதோஷ நாளும் கோயிலில் நெரிசல் அதிகம்.

தெருக்களின் அமைப்பு

வழி தெரிய வேண்டுமானால் முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அடுத்த சுற்று ஆவணி மூல வீதிகள், அதற்கடுத்து மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என நான்காகப் பிரியும். யாரிடமாவது வழி கேட்கும்போது 'மாசி வீதி எங்கே' என்று மட்டும் கேட்டால் பயனில்லை. நான்கில் எது என்று சொல்ல வேண்டும். மூலை திரும்பியதும் பெயர் மாறிவிடும் என்பதால் முகவரி தேடுகிறவர்கள் அதிகம் குழம்புவது மூலைகளில்தான்.

வெளி வீதிகள் இருக்குமிடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். ஊர் வெளியே பரவியது அதற்குப் பிறகுதான். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் இன்றும் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று வழங்குகிறது.

தேர் ஓடுவது மாசி வீதிகளில். திருவிழா சித்திரையில் நடக்கும்போது தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். மாசியில் நடந்த திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். தேரோடும் தெருவின் பெயர் பழையபடியே நின்றுவிட்டது.

எடுத்துப் போக வேண்டியவை

எளிதில் கழற்றி மாட்டக்கூடிய, பின்வார் உள்ள பழகிய செருப்பு. கயிறு கட்டும் ஷூ வேண்டாம். நாளில் நான்கைந்து முறை கழற்ற வேண்டியிருக்கும். புதுச் செருப்பு கூடவே கூடாது. இங்கே காலில் கொப்புளம் வருவதற்கு முக்கியக் காரணம் தூரம் கிடையாது, ஈரம்தான். கழுவி விட்ட கல் தரையில் நடந்த ஈரக் காலை அப்படியே செருப்பில் நுழைத்து இரண்டு கி.மீ. நடந்தால் வார் உரசும் இடத்தில் தோல் வழன்றுவிடும். ஒரு சிறிய துண்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் (போகும் இடமெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம்), இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தொப்பி அல்லது குடை, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை, ஒரு துணிப்பை போதும். இதோடு வழியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்ததை அடுத்துக் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை வந்தது. வாசலில் உள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குடும்பமாக வருகிறவர்கள் உள்ளே பிரிந்தால் எங்கே சேர்வது என்று முன்பே பேசி வையுங்கள். பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டு அதற்கு ஏற்ற இடம்.

உடை: அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, லெக்கின்ஸ் அணிந்தவர்களை வாசலிலேயே நிறுத்துவார்கள். வேட்டி அல்லது பேண்ட்டோடு சட்டை, சேலை, துப்பட்டாவோடு சுடிதார் என்று வந்தால் சிக்கலில்லை. பெட்டி, பெரிய பைகளை ரயில் நிலைய லக்கேஜ் அறையிலோ விடுதியிலோ வைத்துவிட்டு வாருங்கள்.

காலை 5.30: கிழக்கு வாசல்

ரயில் நிலையத்திலிருந்து மேல வெளி வீதியைக் கடந்து டவுன்ஹால் ரோட்டில் நேர் கிழக்கே நடந்தால் பதினைந்து நிமிடத்தில் மேலக் கோபுரத்தின் பக்கம் வந்துவிடலாம். மாட்டுத்தாவணி வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் பெரியார் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் பிடித்தால் இதே தெருவுக்கு வந்து சேரலாம். மேல வாசலில் நுழைந்துவிடத் தோன்றும். வேண்டாம். சித்திரை வீதியில் அரைச் சுற்று சுற்றிக் கிழக்கே போங்கள். வழியில் தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள்: நான்கில் உயரமானது, ஏறத்தாழ 170 அடி, 1559இல் சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டியது. திருப்பணி நடக்கும் காலங்களில் கோபுரங்களுக்குச் சாரம் கட்டி மூடியிருப்பார்கள். சிலைகளை நின்று பார்க்க வருகிறவர்கள் இதை விசாரித்துவிட்டு வாருங்கள்.

செருப்பு, கைப்பேசி இரண்டையும் கிழக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். வெளியே வருவதும் அதே வழியாகத்தான். இந்த ஒரு விதியை மீறினால், ஒரு வாசலில் கொடுத்துவிட்டு இன்னொரு வாசலில் வெளிவந்து, சித்திரை வீதியில் வெறுங்காலோடு சுற்றி வர வேண்டும். முழுச் சுற்று ஒரு கி.மீ.க்குச் சற்றே அதிகம். அதிகாலையில் அது சுகமான நடை. பத்து மணிக்கு மேல் பாதம் பொரியும்.

மீனாட்சியை முதலில் வணங்குவது மதுரை வழக்கம். அதற்கேற்ற வழி அஷ்டசக்தி மண்டபம். அங்கிருந்து மீனாட்சி நாயக்கர் மண்டபம், இருட்டான முதலி மண்டபம் தாண்டினால் சட்டென்று வெளிச்சமாகப் பொற்றாமரைக் குளம் திறக்கும். தெற்குக் கரைச் சுவரில் திருக்குறளைப் பளிங்கில் பொறித்திருக்கிறார்கள். படியில் உட்கார்ந்தால் கோபுரங்களும் தங்க விமானமும் தெரியும் கோணம் கிடைக்கும். காலை ஆறு மணிக்கு இந்தப் படியில் பத்து நிமிடம் உட்காராமல் நகர வேண்டாம். எட்டு மணிக்குள் அந்த இடத்தின் அமைதி போய்விடும்.

ஊஞ்சல் மண்டபம், கிளிக்கூட்டு மண்டபம் வழியாக அம்மன் சன்னதி. இந்த நேரத்தில் பொது வரிசையே வேகமாக நகரும். கட்டண வழிக்குத் தேவை இருக்காது. இந்துக்கள் அல்லாதவர்கள் கருவறைப் பகுதிக்குள் போக முடியாது. குளம், மண்டபங்கள், பிராகாரங்களைப் பார்க்கலாம். அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகர் இருக்கிறார். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு மண் தோண்டியபோது கிடைத்தவர் என்பது வழிவழிச் செய்தி. விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து இவருக்குப் படைக்கிறார்கள்.

நேரம் குறைவாக இருந்தால் மற்றதைக் குறைத்துக்கொள்ளுங்கள், கம்பத்தடி மண்டபத்தைக் குறைக்காதீர்கள். கொடிமரத்தைச் சுற்றியுள்ள தூண்களில்தான் இந்தக் கோயிலின் மிகச் சிறந்த சிற்ப வேலை இருக்கிறது. மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பத்தில் திருமால் தாரை வார்க்க, அம்மன் நாணித் தலை சாய்த்து நிற்பாள். மூன்று உருவங்களின் முகபாவமும் வேறு வேறு. எதிரே ஊர்த்துவ தாண்டவரும் காளியும், வீரபத்திரர்களும் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கிறார்கள். தூணை ஒரு முறை முழுவதுமாகச் சுற்றிப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். உள்ளே வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். தில்லையில் தூக்கியிருப்பது இடக்கால். எப்போதும் ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டியன் வேண்டியதால் கால் மாறி ஆடினார் என்பது புராணம்.

கடைசியாக ஆயிரங்கால் மண்டபம். 1569இல் அரியநாத முதலியார் எடுப்பித்தது. தூண்கள் உண்மையில் 985. இடையில் உள்ள வழியில் நேராக நின்று ஒரு முறையும், ஓரமாக நின்று மூலைவாட்டில் ஒரு முறையும் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை பிசகாது. வடக்கு ஆடி வீதியில் மொட்டைக் கோபுரத்துக்கு அருகே இசைத்தூண்கள் ஐந்து உள்ளன. தட்டிப் பார்க்காதீர்கள், தட்டித் தட்டியே தேய்ந்தவை அவை.

எட்டரைக்குள் வெளியே வந்துவிடலாம். இட்லி, வெண்பொங்கல் சாப்பிட்டுவிட்டு, உணவகத்திலேயே கழிப்பறையையும் முடித்துக்கொள்ளுங்கள். நடந்து சுற்றுகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இந்த ஊரில் பெரிய தொல்லை இதுதான். கோயிலைச் சுற்றி சுத்தமான பொதுக் கழிப்பறையை நம்பித் தண்ணீர் குடிக்க முடியாது என்று பலர் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு மதியம் தலைவலியோடு படுக்கிறார்கள். காலை உணவு, திருமலை நாயக்கர் மஹால், மதிய உணவு, பெரியார் பேருந்து நிலையம் என்று நான்கு இடங்களை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டால் தண்ணீரைக் குறைக்க வேண்டியிருக்காது.

காலை 9: புது மண்டபத்திலிருந்து மஹால் வரை

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தையற்கடைகளும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளுமாகப் பல தலைமுறை இயங்கிய இடம். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நாயக்க மன்னர்களின் சிலைகள் தூண்களில் இருக்கின்றன. அதையும் தாண்டிக் கிழக்கே நடந்தால் எழுகடல் தெருவில் ராய கோபுரம். மேலே எழும்பாமல் அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரம் அது. கடைகளுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும். நிலைக்கால்களின் பருமனைப் பார்த்தால், முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

அங்கிருந்து கீழ மாசி வீதிக்கு வந்து தெற்கே திரும்புங்கள். பலசரக்கு மொத்த வியாபாரத் தெரு. காலை ஒன்பதரைக்கு மேல் மூட்டை இறக்கும் வண்டிகள் வழியை அடைத்துவிடும். சுமை தூக்குகிறவர்களுக்கு முதலில் வழி விடுங்கள், அவர்கள் நிற்க முடியாது. மூலையில் விளக்குத்தூண். கோட்டையை இடித்த அதே பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியது. தென்கிழக்கே சந்துக்குள் புகுந்தால் பத்துத்தூண். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மேலே கூரை ஏதும் இல்லாமல், பத்துப் பெரிய கல் தூண்கள் வரிசையாக நிற்கும். அவை நாயக்கர் அரண்மனையின் காணாமற்போன பகுதியின் மிச்சம். இதைப் பார்த்துவிட்டு மஹாலுக்குப் போவதுதான் முறை. இன்று நாம் பார்க்கும் மஹால், பழைய அரண்மனையில் நான்கில் ஒரு பங்குதான் என்பது அப்போது மனத்தில் பதியும்.

திருமலை நாயக்கர் மஹால் 1636இல் கட்டப்பட்டது. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போனார். 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், சிறு கட்டணம் உண்டு. அரசவைக் கூடமான சொர்க்கவிலாசத்தில் நடுவில் நின்று மேலே குவிமாடத்தைப் பாருங்கள். பிறகு தூண்களுக்கு இடையே சுற்று நடை போங்கள். செங்கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி இழைத்த வேலை அது. தூணில் பெயர் கிறுக்கியவர்கள் செய்த சேதம் கண்ணை உறுத்தும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இரவுத் திட்டத்தை விட வேண்டியிருக்கும். எங்கள் தேர்வு பள்ளியறை பூஜைதான்.

மஹாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாக நெசவும் சாயமும் செய்தவர்கள். சுங்குடிச் சேலை இங்கே வாங்கலாம். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது, முடிச்சு இருந்த இடம் விரலுக்குச் சிறிது மேடாகத் தட்டும். அச்சிட்டதில் புள்ளிகள் தட்டையாக, அளவெடுத்தாற்போல இருக்கும். இரண்டும் 'சுங்குடி' என்ற பெயரிலேயே விற்கப்படுவதால் தடவிப் பார்த்து விலை பேசுங்கள். பக்கத்தில் கீழ வெளி வீதியில் இரட்டை மணிக்கோபுரத்தோடு தூய மரியன்னை பேராலயம். ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்தால் காலுக்கும் நல்லது.

பகல் 12 முதல் 3.30: நடக்காதீர்கள்

விளக்குத்தூண் பக்கம் திரும்பி வந்து ஜிகர்தண்டா. பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் சேர்ந்தது. வெயிலில் நடந்து வந்த வயிற்றுக்குச் சாதா கிளாஸ் ஒன்று போதும்; பெரிய ஸ்பெஷல் குடித்துவிட்டு மதிய உணவை யாராலும் சாப்பிட முடியாது. இது தாகத்துக்கு மாற்றும் ஆகாது. முதலில் தண்ணீர், பிறகு இது.

மதியச் சாப்பாட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அசைவம் சாப்பிட்ட பிறகு கோயிலுக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் மதியம் சைவச் சாப்பாடும், கறி தோசையும் சுக்காவும் இரவு பள்ளியறை பூஜைக்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம். அயிரை மீன் குழம்பு போன்றவை மதியத்தில்தான் கிடைக்கும். அதற்காக ஏங்குகிறவர்கள் மாலை தரிசனத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

சாப்பிட்டதும் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுங்கள். அறை எடுக்காதவர்கள் ஆட்டோ பிடித்து வைகைக்கு வடக்கே காந்தி அருங்காட்சியகம் போகலாம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்டது. காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த ஆடை இங்கே இருக்கிறது. மதிய இடைவேளை உண்டு, எனவே இரண்டு மணிக்கு மேல் சேருங்கள். இதை நடைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெயிலில் பாலம் கடப்பது மாலையின் தெம்பை எடுத்துவிடும்.

மாலை 3.45: மேற்குப் பக்கம்

பெரியார் பேருந்து நிலையம் அருகே மேலவாசலில் பழைய கோட்டைக் கொத்தளத்தின் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. இடிபடாமல் மிச்சமானது இதுதான். பக்கத்தில் காஜிமார் பெரிய பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். அங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கூடலழகர் கோயில். பெரியாழ்வார் பல்லாண்டு பாடிய தலமாக வைணவர்கள் போற்றும் திவ்ய தேசம். அஷ்டாங்க விமானத்தில் பெருமாள் இருந்த, நின்ற, கிடந்த கோலங்களில் மூன்று நிலைகளில் இருக்கிறார். மேல் நிலைகளுக்குப் போக வழி திறந்திருக்கிறதா என்று அர்ச்சகரிடம் கேளுங்கள். படி குறுகல், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து மேல மாசி வீதி. இம்மையில் நன்மை தருவார் கோயிலில் சிவனே சிவலிங்கத்தைப் பூசிக்கும் கோலம். அருகே மதனகோபால சுவாமி கோயில். இதன் மண்டபம் ஒன்றின் தூண்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. 1912இல் இங்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி, குவிந்து கிடந்த கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். கோயிலைப் பார்க்கும்போது இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், வெற்றிடம் கண்ணில் படும்.

இதே தெருவில் 251ஏ எண் கட்டடத்தின் மாடியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி முழு உடையைத் துறந்து இடுப்பு வேட்டிக்கு மாறினார். கீழே கதர்க் கடை இருக்கிறது. மாடியைப் பார்க்க வேண்டும் என்று கடையில் கேளுங்கள்.

மாலை 6 முதல் இரவு வரை

மேலக் கோபுரத்தை மாலை வெயிலில் பார்க்கக் கிடைக்கும் நேரம் சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணி. பிறகு சித்திரை வீதியை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். வண்டித் தொல்லை இங்கே குறைவு என்பதால் குழந்தைகளோடும் நடக்கலாம். தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைக்கும். ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டையின் பாலில் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துச் சுக்கு, ஏலம் தட்டிப் போட்டது. நாள் முழுக்க நடந்தவர்களுக்கு இதைவிட நல்லது தெருவில் ஏதும் இல்லை.

எட்டரை மணிக்குக் கிழக்கு வாசலில் மறுபடி செருப்பும் கைப்பேசியும் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். ஒன்பது மணியை ஒட்டிச் சொக்கநாதரின் பாதுகைகள் பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எழுந்தருளும். வழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள். முன்னே இடம் பிடிக்க முண்டுகிறவர்களால்தான் கூட்டம் தடுமாறுகிறது.

இரவு ரயிலோ பேருந்தோ பிடிக்கிறவர்கள் மல்லிகையைக் கடைசியாக வாங்குங்கள். மதுரை மல்லி சாயங்காலத்துக்கு மேல் விரியும் பூ. இரவு ஒன்பதுக்கு விரிந்த சரம் காலையில் வாடியிருக்கும். இறுகிய மொட்டாகக் கேட்டு, வாழை இலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் மூடினால் வேர்த்துப் பழுத்துவிடும். கோயிலிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடக்க இருபது நிமிடம். வெளியூர்ப் பேருந்துக்கு மாட்டுத்தாவணி போக ஆட்டோவில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையம்.